சின்ன மணி வார்க்க எந்த உலோகம், எந்த அச்சு?

வீட்டுப் பட்டறையில் ஒரு சின்ன மணி வார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள்: மணல் அச்சா, மெழுகு அச்சா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் படிப்பார்கள். சரி, எந்த உலோகம் என்று கேட்டால், "அலுமினியம் கையில் கிடக்கிறது, முதலில் அதிலே ஊற்றிப் பார்க்கலாம்" என்பார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. மணி ஒலிப்பதற்காகவே செய்யப்படுகிற பொருள். அந்த ஒலியை உலோகமும் வடிவமும் சுவரின் கனமும்தான் தீர்மானிக்கின்றன. அச்சு முறை நம் உழைப்பையும் மணியின் மேனியையும் தீர்மானிக்கிறது. ஆகவே உலோகத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அச்சுக் கேள்வியில் பாதி அதோடு தீர்ந்துவிடும்.

ஒப்பிட ஓர் அளவு வேண்டும். வாயின் குறுக்களவு 10 செ.மீ. உள்ள மணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாக்கு மோதுகிற இடம்தான் மணியில் மிகத் தடித்த பகுதி. பெரிய மணிகளில் அதன் கனம் வாய் அகலத்தில் சுமார் 13-இல் ஒரு பங்கு இருப்பது வழக்கம். நம் மணிக்கு அது 7 முதல் 8 மி.மீ. வரும். மேலே போகப் போக அது மூன்றில் ஒரு பங்காகக் குறையலாம். இந்த அளவில் வெண்கல மணி ஏறக்குறைய 600 முதல் 700 கிராம் எடையிருக்கும். அலுமினியத்தில் அதே மணி 200 கிராம்தான். ஊற்றுவாயில், அதாவது உலோகம் அச்சுக்குள் இறங்கும் வழியில், நிற்கிற உலோகத்தையும் சேர்த்து இரண்டு மடங்கு உருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூட்டளவுகள் எல்லாம் செல்சியஸில்.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

முதலாவது கார்வை: தட்டியபின் ஒலி எத்தனை நேரம் நிற்கிறது, எவ்வளவு தெளிவாக நிற்கிறது. இரண்டாவது, உங்கள் உலை எட்டும் சூடு. மூன்றாவது, பிழை பொறுக்கும் தன்மை. சூடு கொஞ்சம் குறைந்தாலோ, ஊற்றும்போது கை கொஞ்சம் தயங்கினாலோ மணி தப்புமா? நான்காவது, தோற்றால் மறுபடி எவ்வளவு சீக்கிரம் முயலலாம் என்பது. கடைசியாக, சாமான் பட்டியலில் வராத செலவுகள்: காய வைக்கும் நேரம், தூசி, புகை, உடைந்துபோகும் மூசை (உலோகத்தை உருக்கும் பாத்திரம்).

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் வார்ப்பவருக்கு முதல் ஊற்றிலேயே நல்ல மணி கிடைப்பது அரிது. ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மாலை போகிறதா, ஒரு வாரம் போகிறதா என்பதைப் பொறுத்துத்தான் ஆள் தொடர்வதும் விட்டுவிடுவதும் இருக்கிறது.

## உலோகங்கள்

### மணி வெண்கலம்: செம்பு 80, வெள்ளீயம் 20

நூற்றாண்டுகளாக மணி வார்த்தவர்கள் வந்து சேர்ந்த கலவை இது. வெள்ளீயம் 20 முதல் 22 விழுக்காடு, மீதி செம்பு. நல்ல சிம்பல் தட்டுகளிலும் இதே 20 விழுக்காடு வெள்ளீயம்தான். காரணம் லேசானது. தூய செம்பு மென்மையானது, அதிர்வைத் தனக்குள்ளேயே தின்றுவிடும். வெள்ளீயம் கூடக் கூட உலோகம் இறுகுகிறது, அதிர்வு உள்ளே வீணாவது குறைகிறது. அதே சமயம் நொறுங்கும் குணமும் கூடிக்கொண்டே போகிறது. இந்தக் கலவையில் ஒரு சின்னக் குச்சி வார்த்துச் சுத்தியால் தட்டினால், அது வளையாமல் பட்டென்று முறியும். முறிந்த முகம் வெளிறிய சாம்பல் நிறத்தில், நெருங்கிய துகள்களோடு, உடைந்த கல்லைப் போலத் தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கார்வை அங்கேதான் இருக்கிறது.

இந்த இழுபறிக்குப் பேர்போன சாட்சி பிலடெல்ஃபியாவின் விடுதலை மணி. 1752-இல் லண்டனிலிருந்து வந்த மணி, அடித்துப் பார்த்தபோதே விரிசல் விட்டது. உலோகம் ரொம்ப நொறுங்குகிறது என்று முடிவு செய்த உள்ளூர் வார்ப்பர்களான பாஸும் ஸ்டோவும், பவுண்டுக்கு ஒன்றரை அவுன்ஸ் செம்பு சேர்த்து மறுபடி வார்த்தார்கள். மணி உடையவில்லை, ஆனால் அதன் ஒலி யாருக்கும் பிடிக்கவில்லை. 1753-இல் மூன்றாம் முறை வார்க்க வேண்டியதாயிற்று. உறுதிக்காகச் செம்பைக் கூட்டினால் ஒலியில் கொடுக்க வேண்டிவரும்.

பலருக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தி: வீட்டு உலைக்கு மிகவும் ஒத்துப்போகும் வெண்கலமும் இதுதான். செம்பு 1085 டிகிரியில் உருகும். 80-20 கலவையோ 890-ஐ ஒட்டியே முழுவதும் நீராகிவிடும். ஊற்றுவதற்கு 1000 முதல் 1050 போதும். தண்ணீர் போல ஓடி மெல்லிய இடங்களையும் நிரப்பும். முதல் தடவை கலவை தயாரிக்கும்போது மட்டும்தான் செம்பை உருக்கும் சூடு தேவை. கலவையைக் கட்டிகளாக ஊற்றி வைத்துக்கொண்டால், பிறகு ஒவ்வொரு மணிக்கும் குறைந்த சூட்டிலேயே வேலை முடியும். மேசைமேல் வைக்கும் மின்சார உலைகள் பல 1100, 1150 டிகிரியோடு நின்றுவிடுகின்றன. செம்புக்கு அது விளிம்பில் நிற்பது போல. கலவைக் கட்டிக்கு அதுவே தாராளம்.

கலக்கும் முறை முக்கியம். முதலில் செம்பு, மேலே கரித்தூள் மூடாக்கு. செம்பு முழுதாக உருகியபின், சூடாக்கி ஈரம் போக்கிய வெள்ளீயத்தைக் கடைசியில் சேர்த்துக் கிராஃபைட் கம்பியால் கலக்கி, உடனே ஊற்ற வேண்டும். வெள்ளீயத்தை முன்னாலேயே போட்டுக் காத்திருந்தால் அது காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகி, கடினமான துகள்களாக உலோகத்துக்குள் நின்றுவிடும்.

இனி மறைந்திருக்கும் செலவு. வெள்ளீயம் செம்பைவிட விலை கூடிய உலோகம். வார்த்த மணி கல் தரையில் விழுந்தால் உடையும். துளை போடும்போது ஆணியால் குத்திக் குறியிடக் கூடாது. கூர்மையான துளைமுனையோடு மெதுவாகத்தான் இறங்க வேண்டும். அச்சிலிருந்து எடுத்துச் சூட்டோடு தண்ணீரில் போடவும் கூடாது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்பவருக்கு இதற்கு இணையாக வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

### குறைந்த வெள்ளீய வெண்கலம்: 90-10

உறுதி வேண்டும், ஆனால் வெண்கலமாகவும் இருக்க வேண்டும் என்று பலர் இதற்கு வருகிறார்கள். விழுந்தாலும் உடையாது, துளையிடலாம், மரை வெட்டலாம். ஒலியும் மோசமில்லை, கார்வைதான் குறுகும். ஆனால் இதில் வார்ப்புச் சிக்கல் ஒன்று இருக்கிறது. 80-20 உறைவதைவிட இது நீண்ட சூட்டு இடைவெளியில், கஞ்சிப் பதத்தில் நெடுநேரம் நின்று உறைகிறது. அதனால் உள்ளே பொடிப்பொடியாய்ப் புரையோடும் வாய்ப்பு அதிகம். புரையோடிய மணி தட்டினால் அடைத்த குரலில்தான் பேசும். ஊற்றும் சூடும் 1100-க்கு மேலே போகிறது. கதவிலோ வண்டியிலோ அடிபட்டுத் தொங்கப்போகிற மணிக்கு இது சரி. ஒலியை முன்வைத்து வார்ப்பவருக்குப் பாதி வழியில் நிற்பது போலத்தான்.

### சிலிக்கான் வெண்கலம்

செம்போடு 3, 4 விழுக்காடு சிலிக்கான், கொஞ்சம் மாங்கனீசு. சிற்பம் வார்ப்பவர்களின் செல்ல உலோகம். கசடு குறைவு, புகை குறைவு. குறுகிய சூட்டு இடைவெளியில் உறைவதால் புரையும் குறைவு. உடையாது, பற்றவைக்கவும் முடியும். அமெரிக்காவின் அரிசோனாவில் கட்டடக் கலைஞர் பாவ்லோ சோலேரி தொடங்கிய சோதனை நகரமான ஆர்கோசாந்தியில் மணலில் வார்க்கப்படும் காற்று மணிகளுக்கு இந்த உலோகம்தான். கார்வையில் மணி வெண்கலத்துக்குப் பின்னால்தான் நிற்கும் என்றாலும் கேட்க இனிமையானது. ஒரே குறை, ஊற்றுவதற்கு 1100 முதல் 1180 வரை சூடு வேண்டும். சின்ன மின்சார உலை அங்கே திணறும். காற்றூதி வைத்த கரி உலையோ எரிவாயு உலையோ இருந்தால் பிரச்சினையில்லை.

அலங்காரம் நிறைந்த மணி, அதுவும் ஒருவருக்குப் பரிசாகப் போகப்போகிற மணி என்றால் இதைத் தயங்காமல் எடுக்கலாம்.

### பித்தளை

பழைய குழாய்கள், கைப்பிடிகள் என்று எளிதாகக் கிடைப்பதால் மனம் இதன் பக்கம் சாயும். நான் வேண்டாம் என்றே சொல்வேன். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். பித்தளையை ஊற்றும் சூடோ அதைத் தாண்டியது. ஆகவே ஒவ்வொரு உருக்கிலும் துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழும்பி, பஞ்சு போலப் பறந்து போகிறது. அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும் என்றாலும் அதை வலிய வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. துத்தநாகம் போகப் போகக் கலவையும் மாறிவிடுகிறது. நேற்று வார்த்த மணியும் இன்று வார்த்த மணியும் ஒரே உலோகமாக இருக்காது.

பழைய குழாய்ப் பித்தளையில் ஈயமும் இருக்கும், கடைசல் எளிதாக வருவதற்காகச் சேர்த்தது. எந்திரங்களில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் புஷ் வெண்கலத்தில் அது இன்னும் அதிகம், ஒரு பரவலான வகையில் 7 விழுக்காடு வரை. ஈயம் நஞ்சு என்பது ஒரு பக்கம். மணிக்கும் அது எமன். செம்போடு கரையாமல் சிறு துளிகளாகத் தனித்து நின்று அதிர்வை விழுங்கிவிடும். எந்தக் கழிவு உலோகத்தையும் மணிக்கு எடுக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதில் ஈயம் இருக்கிறதா என்பதுதான்.

### அலுமினியம்

660 டிகிரியில் உருகுகிறது, 700-750-இல் ஊற்றலாம். எந்த உலையும் போதும், மூசைக்கும் நோவு கிடையாது. மணியாகவும் ஒலிக்கும், பெரிய கைமணிகளில் அலுமினியத்தில் செய்யப்படுபவை உண்டு. ஆனால் ஒலி வேறு. அலுமினியத்தில் ஒலி வேகமாகப் பாய்வதால், அதே அளவு மணி வெண்கலத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிர்வெண்ணில் பேசும். வெண்கல மணியின் ஒலி ஸட்ஜம் என்றால் இது பஞ்சமத்துக்குக் கிட்டே போய்விடும். எடை மூன்றில் ஒன்றுக்கும் குறைவு என்பதால், தன்னிடமுள்ள அதிர்வைச் சீக்கிரமே காற்றுக்குக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். தட்டிய கணத்தில் சத்தமாகக் கேட்டு, உடனே மங்கும். எஞ்சின் பாகங்களை உருக்கி வார்த்தால் உலோகத்தில் கரைந்த ஹைட்ரஜன் புரைகளாக நின்று, மிச்சமிருக்கும் கார்வையையும் கெடுக்கும்.

ஆகவே அலுமினியத்தை அச்சு பழகும் உலோகமாகப் பாருங்கள். மணல் கட்டுவது, அச்சுப் பதிக்கும் மாதிரி உருவை மணலிலிருந்து உருவுவது, ஊற்றும் வேகம் எல்லாம் இதில் பழகலாம். ஒலியை வைத்து உங்கள் வடிவத்தையோ கைத்திறனையோ மதிப்பிடாதீர்கள். "மணி செய்தேன், டொக்கென்று கேட்டது" என்று மனம் விட்டுப்போனவர்கள் பலருக்கும் நடந்தது இதுதான்.

### ஈயமும் வெள்ளீயக் கலவைகளும்

அடுப்பிலேயே உருகும் என்பதற்காக ஈயத்தையோ, வெள்ளீயமே பெரும்பங்கான கலவைகளையோ எடுக்க வேண்டாம். உருகுநிலை குறைந்த உலோகங்கள் சாதாரண அறைச் சூட்டிலேயே அதிர்வை உள்ளே தின்றுவிடும். ஈய மணியைத் திரவ நைட்ரஜனில், அதாவது கழித்தல் 196 டிகிரியில், முக்கி எடுத்துத் தட்டினால் அது கணீரென்று ஒலிக்கும். அறைச் சூட்டுக்குத் திரும்பியதும் ஊமையாகிவிடும். அழகுக்குத் தொங்கவிடும் சாவிக்கொத்து மணிக்கு வெள்ளீயக் கலவை போதும், அதற்கு மேல் வேண்டாம்.

| உலோகம் | கார்வை | ஊற்றும் சூடு | விழுந்தால் | கவனிக்க |
|---|---|---|---|---|
| மணி வெண்கலம் 80-20 | மிக நீளம் | 1000–1050 | உடையும் | வெள்ளீயத்தின் விலை, துளையிடும் கவனம் |
| வெண்கலம் 90-10 | நடுத்தரம் | 1100-க்கு மேல் | தாங்கும் | பொடிப் புரை |
| சிலிக்கான் வெண்கலம் | நன்று | 1100–1180 | தாங்கும் | உலையின் சூடு |
| பித்தளை | குறைவு முதல் நடுத்தரம் | 1000-ஐ ஒட்டி | தாங்கும் | துத்தநாகப் புகை, ஈயம் |
| அலுமினியம் | குறைவு | 700–750 | தாங்கும் | ஹைட்ரஜன் புரை |

## அச்சு முறைகள்

### ஈரமணல்

நுண்ணிய மணல், அதில் 8 முதல் 10 விழுக்காடு பென்டோனைட் களிமண், 3 முதல் 5 விழுக்காடு தண்ணீர். பதம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிக் கையைத் திறந்தால் விரல் ரேகை வரை அதில் பதிந்திருக்க வேண்டும். அந்த உருண்டையை இரண்டாக ஒடித்தால் விளிம்பு உதிராமல் சுத்தமாகப் பிளக்க வேண்டும். உதிர்ந்தால் ஈரம் போதாது. கையில் ஒட்டினால் ஈரம் அதிகம். ஈரம் கூடிய மணலில் வெண்கலம் விழுந்தால் ஆவி கிளம்பி, வார்ப்பில் ஊதல் துளைகள் விழும். ரொம்பவும் கூடினால் உலோகம் திரும்பி நம்மீதே தெறிக்கும்.

மணி வடிவம் மணலுக்கு இணங்கிய வடிவம். வாய் அகன்று மேலே குறுகுவதால், உள்ளே வெற்றிடமுள்ள மாதிரியை வாய் கீழாக வைத்து உள்ளும் புறமும் மணலை இடித்து நிரப்பிவிட்டால், அது எங்கும் சிக்காமல் உருவி வரும். உள்ளே நின்ற மணலே கருவாகிவிடும், அதாவது மணியின் உள் வெற்றிடத்தை உண்டாக்கும் பகுதியாகிவிடும், தனிக் கரு செய்ய வேண்டியதில்லை. கையில் இருக்கும் ஒரு மணியையே மாதிரியாக வைக்கலாம். வெண்கலம் உறைந்து ஆறும்போது சுமார் ஒன்றரை விழுக்காடு சுருங்குவதால் 10 செ.மீ. மணியிலிருந்து 9.85 செ.மீ. மணி பிறக்கும், ஒலி இம்மியளவு மேலே போகும். மேலே உள்ள, மணியைத் தொங்கவிடும் காது மட்டும் மணலில் சிக்கும். அதற்குப் பதில் ஒரு குமிழ் வைத்து வார்த்து, பிறகு துளையிடுவதே எளிது.

மணியை வாய் கீழாக வார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கசடும் காற்றும் மேலே மிதந்து உச்சிக்குப் போய்விடும். நாக்கு மோதும் விளிம்பு அடியில் இருப்பதால் அங்கே உலோகம் நெருக்கமாக அமையும். ஊற்றுவாயைக் கொஞ்சம் பருமனாகவே வையுங்கள். உறையும்போது அதன் வாயில் உலோகம் குழிந்து இறங்குவது கண்ணுக்கே தெரியும். அந்தக் குழி அங்கே விழாவிட்டால் மணிக்குள் விழுந்திருக்கும்.

இன்னொரு சத்தமில்லாத நன்மை: மணல் கரு நசுங்கிக் கொடுக்கும். சுருங்கும் வெண்கலம் கருவை இறுக்கும்போது கரு விட்டுக்கொடுக்காவிட்டால் மணி சூட்டிலேயே கிழிந்துவிடும். 80-20 கலவைக்கு இது பெரிய ஆபத்து. சோடியம் சிலிகேட் ஊற்றிக் கரியமில வாயுவால் இறுக்கிய கரு கண்ணாடி போலக் கெட்டிப்படும். அதைப் பயன்படுத்தினால் மரத்தூள் கலந்தோ நடுவில் குடைந்தோ பலவீனப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மேனி கொஞ்சம் சொரசொரப்பாக வரும், எழுத்துகள் மழுங்கும். அரைத்துத் தேய்க்கும் வேலை மிச்சமிருக்கும். உலர்ந்த மணல் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். மணலைச் சலிக்கும்போதும் அச்சை உடைக்கும்போதும் என்-95 வகை முகமூடி கட்டாயம். ஆனால் தோற்ற மணியை மூசைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அதே மாலையில் அதே மணலில் அடுத்த அச்சைக் கட்டிவிடலாம். வேறெந்த முறையும் இந்த வேகத்துக்குப் பக்கத்தில் வராது.

தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் பிசைந்த மணலும் உண்டு. மேனி இன்னும் வழுவழுப்பாக வரும், ஆவி பயமில்லை. ஊற்றும்போது கறுத்த புகை வரும், அதனால் திறந்த வெளியில்தான் வேலை. உலோகத்தைத் தொட்ட மணல் கருகிவிடும், அதை நீக்கிப் புதிது சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன மணிகளை மட்டுமே வார்க்கப்போகிறவருக்கு நல்ல தேர்வு.

### மெழுகும் பிளாஸ்டர் அச்சும்

கொடி, பூ, எழுத்து, காது எல்லாம் ஒரே வார்ப்பில் வேண்டுமென்றால் மெழுகுதான். மெழுகில் என்ன இருக்கிறதோ அது உலோகத்தில் வரும், விரல் ரேகை உட்பட. மெழுகு மணியின் எடையைப் பார்த்து, வெண்கலத்துக்கு அதைப் போல ஒன்பது, பத்து மடங்கு உலோகம் தேவை என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். மணியின் வாய் திறந்திருப்பதால் உள்கரு வெளி அச்சோடு ஒட்டியே நிற்கும். மூடிய சிற்பங்களுக்குப் போல ஆணி குத்தித் தாங்க வேண்டியதில்லை.

இனி இதன் மறுபக்கம். பிளாஸ்டரும் சிலிக்கா மாவும் கலந்த அச்சைச் சூளையில் வைத்து, முதலில் 150 டிகிரியில் ஈரம் போக்கி, மெழுகை வடித்து, படிப்படியாக 700-ஐ ஒட்டி ஏற்றி, மெழுகின் கரி முழுவதும் எரியும்வரை வைத்திருக்க வேண்டும். இந்த அளவு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாதாரணமாகப் போகும். 750-ஐத் தாண்டவிட்டால் பிளாஸ்டர் சிதையத் தொடங்கிக் கந்தக வாயு வெளிவரும், வார்ப்பின் மேனி கெடும். ஈரம் மிச்சமிருந்தால் ஊற்றும்போது வெடிக்கும். ஆக, உலை ஒன்று, சூட்டைக் கட்டுப்படுத்தும் சூளை ஒன்று என்று இரண்டு சாமான்கள் தேவை. சாமான் பட்டியல் எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சூடான அச்சில் உலோகம் மெதுவாக உறைவதால் மெல்லிய இடங்களும் நிரம்பும். அதே மெதுவினால் அச்சு வாயுவை உலோகம் இழுத்துப் புரையாவதும் உண்டு. பிளாஸ்டரில் சிக்கிய காற்றுக் குமிழ்கள் மணியின்மேல் சிறு உலோக உருண்டைகளாக ஒட்டி நிற்கும். முதல் பூச்சைத் தூரிகையால் தடவிவிட்டு, அப்புறம் மீதியை ஊற்றினால் பெரும்பாலும் தப்பலாம். நகை வார்ப்பவர்கள் சூட்டோடு அச்சைத் தண்ணீரில் முக்கிப் பிளாஸ்டரைக் கழற்றுவார்கள். அந்தப் பழக்கத்தை 80-20 மணிக்குக் கொண்டுவந்தால் மணி விரிந்துவிடும். முழுவதும் ஆறவிட்டு, பிறகு நனைத்துக் கழுவுங்கள். காய்ந்த நிலையில் சுரண்டினால் பறக்கும் தூசியில், சாதாரண மணல் தூசியைவிடக் கொடிய, கிறிஸ்டோபலைட் என்னும் சிலிக்கா வகை இருக்கலாம்.

ஒரு முயற்சி தோற்றால் மெழுகும் போச்சு, அச்சும் போச்சு, இரண்டு நாளும் போச்சு. மெழுகு உருவைத் திரும்பத் திரும்ப எடுக்க ஒரு சிலிகான் ரப்பர் அச்சு செய்து வைத்துக்கொண்டால் இந்த வலி பாதியாகக் குறையும்.

3டி பிரிண்டரில் எடுத்த பிளாஸ்டிக் உருவை மெழுகுக்குப் பதில் வைப்பவர்கள், அது வடியுமுன் விரிந்து அச்சைக் கீறலாம் என்பதையும், எரிந்தபின் சாம்பல் நிற்கலாம் என்பதையும் மனத்தில் வைக்கட்டும். அதே உருவை மணல் அச்சுக்கு மாதிரியாக எடுப்பது இதைவிடப் புத்திசாலித்தனம்.

### செராமிக் ஓடு, நுரை

மெழுகின்மேல் சிலிக்காக் கூழையும் மணலையும் மாற்றி மாற்றி ஆறேழு பூச்சு பூசி ஓடாக்குவது சிற்ப வார்ப்படங்களின், அதாவது சிற்பம் வார்க்கும் பட்டறைகளின், முறை. வார்ப்பு அருமையாக வரும். ஆனால் கூழைச் சதா கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். வருடம் முழுக்க வார்ப்பவருக்குத்தான் இது கட்டுப்படியாகும். ஒற்றை மணிக்கு வேண்டாம். தெர்மோகோல் நுரையை மணலில் புதைத்து அதன்மேலேயே ஊற்றுவது மலிவு, வேகம். ஆனால் நுரை எரியும் புகை நச்சு, மேனியில் நுரையின் மணிமணியான தடம் விழும், மெல்லிய சுவரில் மடிப்பு விழுந்தால் ஒலி செத்துவிடும். மணிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

### மாதிரியை நாம் செய்து, ஊற்றுவதை வார்ப்படத்திடம் விடுவது

இதைத் தேர்வாகவே யாரும் எண்ணுவதில்லை, எண்ண வேண்டும். மணியின் வடிவமும் சுவரின் கனமும் உங்கள் மாதிரியில்தான் இருக்கின்றன. வார்த்த மணியைத் தேய்த்து, துளையிட்டு, நாக்குக் கட்டி, ஒலி கேட்டு அடுத்த மாதிரியைத் திருத்துவதும் உங்கள் வேலைதான். உலை, மூசை, பாதுகாப்பு உடை எல்லாவற்றையும் ஓரிரு மணிக்காக வாங்குவதைவிட இது பல நேரம் மலிவு. இழப்பது ஊற்றும் அனுபவத்தை. சிலருக்கு அதுதான் முழு ஆசையும் என்பது எனக்குப் புரிகிறது.

## பட்டியலில் வராத செலவுகள்

சின்ன மின்சார உலைகளின் கொள்ளளவைத் தங்கத்தின் எடையில் சொல்வது உண்டு. தங்கத்தின் அடர்த்தி வெண்கலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அப்படி 2 கிலோ என்று சொன்னால் வெண்கலம் 900 கிராம்தான் பிடிக்கும். 10 செ.மீ. மணிக்கு ஊற்றுவாயோடு சேர்த்து அது பத்தாது. வாங்குமுன் மூசையின் கொள்ளளவை மில்லிலிட்டரில் கேளுங்கள், அதை 8.7-ஆல் பெருக்கினால் வெண்கலத்தின் எடை கிராமில் வந்துவிடும்.

மூசை தேயும் பொருள். புதிய மூசையை வெறுமையாக மெதுவாகச் சூடேற்றிப் பழக்காமல் பயன்படுத்தினால் முதல் நாளே விரியும். அலுமினியத்துக்கு ஒன்று, வெண்கலத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்க வேண்டும். ஒன்றின் மிச்சம் மற்றதில் கலந்தால் ஒலி கெடும்.

பாதுகாப்புச் சாமானைச் செலவுக் கணக்கில் முதல் வரியாகப் போடுங்கள்: முழு முகத்தை மறைக்கும் கவசம், தோல் கையுறை, தோல் மேலங்கி, உருகிய உலோகம் உள்ளே புக வழியில்லாத தோல் பூட்ஸ், பாலியஸ்டர் கலக்காத பருத்தி உடை. சிமெண்டுத் தரைமேல் நின்று ஊற்றக் கூடாது. சிந்தினால் சிமெண்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தரையே வெடித்துத் தெறிக்கும். காய்ந்த மணலைப் பரப்பி அதன்மேல் அச்சை வையுங்கள். மூசையில் போடும் ஒவ்வொரு கட்டியும் முன்கூட்டியே சூடாக்கப்பட்டிருக்க வேண்டும். கரி உலையும் எரிவாயு உலையும் கார்பன் மோனாக்சைடு விடும் என்பதால் மூடிய அறைக்குள் அவற்றுக்கு இடமில்லை.

## யாருக்கு எது

ஒலிக்காக மணி வேண்டும், அலங்காரம் முக்கியமில்லை, உலை 1100-ஐ எட்டும் என்றால் மணி வெண்கலமும் ஈரமணலும் அல்லது எண்ணெய் மணலும். கலவையைக் கட்டிகளாகவே வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. முதல் மணிக்கே இதைத்தான் சொல்வேன். மணல் கட்டுவதை மட்டும் முன்னதாக அலுமினியத்தில் ஓரிரு முறை பழகிக்கொள்ளுங்கள்.

எழுத்தும் பூவேலையும் உள்ள ஒற்றை மணி, கூடவே சூளையும் இருக்கிறது என்றால் மெழுகும் சிலிக்கான் வெண்கலமும். 80-20-ஐயும் மெழுகில் வார்க்கலாம். ஆனால் கெட்டியான பிளாஸ்டர் கரு சுருக்கத்துக்கு விட்டுக்கொடுக்காத ஆபத்தைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

ஒரே சுருதிக் குடும்பத்தில் பல மணிகள் வேண்டுமென்றால் மணலைத் தவிர வேறு வழி யோசிக்க வேண்டாம். ஒரே வடிவத்தை எல்லா அளவிலும் பாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும், எடை எட்டில் ஒன்றாகும். இந்தக் கணக்கை வைத்து மாதிரிகளைச் செய்து, வார்த்து, கேட்டு, திருத்தி, மறுபடி வார்க்க வேண்டும். அந்தச் சுற்று மணலில்தான் வேகமாக ஓடும்.

பிள்ளைகள் ஓடியாடும் வீடு, திறந்த வெளி இல்லை, அல்லது உலை 800-ஐத் தாண்டாது என்றால் மாதிரியைச் செய்து வார்ப்படத்தில் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்று விஷயங்களை எழுதியே கொடுங்கள்: வெள்ளீயம் 20 விழுக்காடு, ஈயம் கலந்த கழிவு உலோகம் சேரக் கூடாது, வார்த்தபின் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை அச்சிலேயே கிடக்கட்டும். பல வார்ப்படங்கள் தினமும் ஊற்றுவது பேரிங் புஷ் உலோகத்தைத்தான். நீங்கள் சொல்லாவிட்டால் அதிலேயே உங்கள் மணியையும் ஊற்றிவிடுவார்கள்.